கொங்குநாட்டுப் பழங்கூடைகளை ஆராய்ந்து மீண்டும் முடைதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காங்கேயம், சென்னிமலை, தாராபுரம் வட்டாரங்களில் வீட்டு அட்டாலிகளிலும் (பரண்களிலும்) மாட்டுச்சாளைகளிலும் கிடக்கும் பழைய கூடைகளை அளந்து குறித்துக்கொள்வதும், அதே பொருள்களைக் கொண்டு அவற்றைத் திரும்ப முடைந்து பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலை. எந்த ஊருக்குப் போனாலும் அதே பதினைந்து, பதினாறு ஐயங்களையே கேட்கிறார்கள் என்பதால், கேட்டவர்களின் வாய்ச்சொல்லையே கேள்வியாக வைத்து விடைகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் உள்ளவற்றைச் சார்ந்திருப்பதால், புதிதாகத் தொடங்குபவர்கள் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. பழைய கூடையை ஆராயறதுக்கு அதுல என்னங்க இருக்குது? கூடை கூடைதானே?

ஒரு கூடை எந்தச் செடியிலிருந்து வந்தது, எப்படி முடையப்பட்டது, எதற்குப் பயன்பட்டது என்ற மூன்றையும் அந்தக் கூடையே காட்டிக்கொடுக்கும். அடிப்பகுதி எங்கிருந்து தொடங்கியது, குச்சிகள் எத்தனை, பட்டையின் அகலம் எவ்வளவு, வாய் எவ்வாறு கட்டப்பட்டது, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, எங்கே ஒட்டுப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே போனால், அதை முடைந்தவரின் கைப்பழக்கமும் வைத்திருந்தவரின் வீட்டுப் பாடும் தெரியவரும். தலைச்சுமைக்கான கூடை அடிப்புறத்தின் நடுவில் தேயும். இடுப்பில் வைத்த கூடை ஒரு பக்கத்து விளிம்பில் தேயும்.

பெயர்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். சாணிக்கூடை, தட்டக்கூடை, முறம், கோழியைக் கவிழ்க்கும் பஞ்சாரம், ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் கொடாப்பு, தவசம் கொட்டிவைக்கும் தொம்பை, திருமணத்தில் இணைச்சீரின்போது எடுத்துவைக்கும் பேழைக்கூடை என்று ஒவ்வொன்றும் தன் வேலையைக் கொண்டே பெயர் பெற்றிருக்கிறது. தெற்கே சுளகு என்பது இங்கே முறம். அங்கே கடகம் என்று சொல்லும் பனைக்கூடையை இங்குள்ள பலர் பொதுவாக ஓலைக்கூடை என்றே சொல்லிவிடுகிறார்கள். பெயரை நாமாகத் திருத்தி எழுதாமல், அந்த வீட்டில் சொன்னது சொன்னபடி எழுதிக்கொள்வதே முறை.

2. கொங்குநாட்டுல எந்தெந்தப் பொருள்ல கூடை முடைஞ்சாங்க?

இந்த நாடு பெரும்பகுதி மழை குறைந்த மேட்டு நிலம், சுற்றிலும் மலை. இந்த இரண்டும் சேர்ந்துதான் பொருள்களைத் தீர்மானித்தன. மலையிலிருந்து மூங்கில் வந்தது. உள்ளே பெரும்பாலும் கெட்டியாக இருக்கும் கல்மூங்கில் கொம்புக்கும் கைப்பிடிக்கும் விளிம்புக்கும் ஏற்றது. பருத்து வளரும் முள்மூங்கில் பட்டை பட்டையாகப் பிளந்து முடைவதற்கு ஏற்றது. சத்தியமங்கலம் மலைகள், ஆனைமலை, சேர்வராயன் மலை, கொல்லிமலை ஆகியவற்றின் அடிவார ஊர்களில் மூங்கில் வேலை மிகுந்திருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

மேட்டு நிலத்தில் பனையும் ஈச்சமும் கிடைத்தன. பனையில் மட்டும் முடைவதற்கு நான்கு பொருள்கள் உண்டு. வெளுத்த குருத்தோலை மெல்லிய பெட்டிகளுக்கும், முதிர்ந்த சாரோலை முரட்டுக் கூடைகளுக்கும், ஓலையின் நடுநரம்பான ஈர்க்கு சுருள் கூடையின் உட்கூட்டுக்கும், மட்டையிலிருந்து உரித்த நார் விளிம்பு கட்டுவதற்கும் உதவும். ஈச்சம் ஓலை குட்டையானது. ஆனால் இழுவைக்கு நன்றாகத் தாங்கும்.

பலர் மறந்துவிடும் மூன்றாவது வகை, தோட்டத்திலேயே கிடைக்கும் குச்சிகள். துவரை அறுத்தபின் நிற்கும் துவரைமாரும், வேலியோரத்து நொச்சிக் கொம்பும், புளிய மிளாறும் சாணி, எரு, மண் அள்ளும் கூடைகளாயின. இவை ஓரிரு ஆண்டுகளில் நைந்து அடுப்புக்குப் போய்விடுவதால் அருங்காட்சியகங்களிலும் நிழற்படங்களிலும் அரிதாகவே தென்படுகின்றன. ஆனால் ஒரு குடியானவர் வீட்டில் எண்ணிக்கையில் மிகுதியாக இருந்தவை இவையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

3. எந்த மாசத்துல வெட்டோணுங்க? தேய்பிறையிலதான் வெட்டோணும்னு எங்க அப்பாரு சொல்லுவாருங்க.

மூங்கிலை மழைக்காலம் முடிந்தபின், மார்கழி முதல் மாசி வரையிலான காலத்தில், மூன்று அல்லது நான்கு ஆண்டு முதிர்ந்த கழியாகப் பார்த்து வெட்ட வேண்டும். ஓராண்டுக் கழி பார்க்கப் பச்சையாக, அழகாக இருக்கும். உலர்ந்ததும் சுருங்கி வளைந்துவிடும். மூங்கிலைத் துளைத்து மாவாக்கும் வண்டு உள்ளே இருக்கும் மாவுச்சத்தைத் தேடியே வருகிறது. அதனால் மாவுச்சத்துக் குறைந்த பருவத்தில் வெட்டுவதும், வெட்டியதைச் சில வாரங்கள் ஓடும் நீரிலோ குட்டையிலோ மூழ்கவைப்பதும் பலன் தரும். தேய்பிறைக் கணக்கைப் பின்பற்றுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. நான் முதலில் பார்ப்பது பருவத்தையும் கழியின் முதிர்ச்சியையும்தான்.

துவரைமாரை, ஆடியில் விதைத்துத் தையில் அறுத்த கையோடு, ஈரம் காயும் முன்பே முடைந்துவிட வேண்டும். பனங்குருத்தை வெயிற்காலத்தில் எடுத்தால் உலர்த்துவது எளிது. ஒரு மரத்தில் ஓர் ஆண்டுக்கு ஒரு குருத்துக்கு மேல் நான் எடுப்பதில்லை. குருத்து மரத்தின் வளரும் முனையிலிருந்து வருவது. அடுத்தடுத்து எடுத்தால் மரம் இளைத்துவிடும்.

4. மூங்கில், ஓலையெல்லாம் நாமே வெட்டிக்கலாமா? சட்டம் ஏதும் குறுக்க வருமா?

உங்கள் பட்டா நிலத்து மூங்கிலுக்கும் காட்டு மூங்கிலுக்கும் சட்டம் வேறு. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் மூங்கிலை மரமாகவே கருதிவந்தது. 2017-இல் செய்யப்பட்ட திருத்தம், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை அந்த வரையறையிலிருந்து நீக்கியது. காட்டில் உள்ள மூங்கில் அப்படியன்று. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூலாகச் சேர்த்து, காட்டில் வாழும் மக்களுக்கு அதன்மீது உரிமை தந்திருக்கிறது. வெளியிலிருந்து ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு போகும் நமக்கு அந்த உரிமை இல்லை. சத்தியமங்கலம் மலைக்காடு 2013 முதல் புலிகள் காப்பகம் என்பதால், அங்கே ஒரு கழியைத் தொடுவதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

பனையில் ஓலை எடுக்கத் தோட்டக்காரரின் சம்மதம் போதும். மரத்தையே வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது.

5. ஓலையை எத்தனை நேரம் ஊற வைக்கோணும்? நான் முடைஞ்ச பெட்டி ஒரே வாரத்துல லொடலொடன்னு ஆயிருச்சே!

பச்சை ஓலையில் முடைந்திருப்பீர்கள். எனக்கும் முதல் பெட்டி அப்படித்தான் ஆயிற்று. கண்ணுக்கு நெருக்கமாக இருந்த பின்னல் பத்தே நாளில் விரல் நுழையும் அளவுக்கு விட்டுப்போனது. பச்சை ஓலை உலரும்போது அகலத்தில் சுருங்குவதே காரணம். ஆகையால் ஓலையை முதலில் நன்றாகக் காயவிட்டு, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்தெடுத்து, முடையும்போது மட்டும் ஈரப்படுத்த வேண்டும். அரைமணி நேரம் நீரில் போட்டு எடுத்து, நனைத்த துணியில் சுற்றி ஓர் இரவு வைத்தால் பதம் வந்துவிடும்.

விரலில் சுற்றினால் முறியக் கூடாது. அழுத்தினால் நீர் கசியவும் கூடாது. அதுதான் பதம். மேலும் ஊறினால் ஓலை கறுத்துப் பூசணம் பிடிப்பதோடு, உப்பி மறுபடி சுருங்கும் தொல்லையும் வரும். மூங்கில் பிளாச்சுக்கும் (பிளந்த பட்டைக்கும்) இதே விதிதான்; ஆனால் வளைக்கும் இடத்தை மட்டும் நனைத்தால் போதும்.

6. பின்னல்ல எத்தனை வகைங்க? பேரெல்லாம் சொன்னா எழுதிக்குவேன்.

முடைபவர்களிடம் பேர்ப்பட்டியல் கேட்டால் பெரும்பாலும் சிரிப்பார்கள். கைக்குத் தெரிந்த வேலைக்கு அவர்கள் பெயர் வைத்துக்கொள்வதில்லை. ஆகையால் அமைப்பை வைத்தே நான் குறித்துக்கொள்கிறேன். குறுக்கும் நெடுக்குமாக ஒரே மாதிரிப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்குவது முதல் வகை. இதில் ஒன்று விட்டு ஒன்று ஏறினால் கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டு விட்டு இரண்டு ஏறி, வரிசைதோறும் ஒன்று நகர்ந்தால் சாய்கோடு விழும். முறம் பெரும்பாலும் இந்தச் சாய்கோட்டுப் பின்னல்தான். பட்டைகள் நெருங்கி உட்கார்வதற்கு அது இடம் தருகிறது.

கெட்டியான நிற்குச்சிகளை நட்டு, மெல்லிய சிம்பை (வளையும் குச்சி அல்லது பட்டையை) அவற்றின் ஊடே சுற்றிக்கொண்டு போவது இரண்டாம் வகை. சாணிக்கூடை, கொடாப்பு, பஞ்சாரம் எல்லாம் இதில் அடங்கும். அந்த வகையிலேயே இரண்டு சிம்புகளை ஒவ்வொரு குச்சிக்கும் இடையில் முறுக்கிக்கொண்டு போனால் பிடிப்பு பல மடங்கு கூடும். அடிப்பகுதியின் முதல் சில சுற்றுகளையும் வாய்க்கு முந்திய சுற்றுகளையும் பல கூடைகளில் அப்படிச் செய்திருக்கிறார்கள். ஈர்க்குக் கற்றையைச் சுருளாகச் சுற்றி ஓலையால் தைத்துக்கொண்டே போவது மூன்றாம் வகை. மற்ற இரண்டையும்விட இது மிக மெதுவான வேலை.

7. சுத்திச் சுத்தி முடையறப்ப ரெண்டாஞ் சுத்துலயும் அதே குச்சிக்கு மேலேயே சிம்பு வருதே, எங்கே தப்பு?

உங்கள் நிற்குச்சிகள் இரட்டைப்படையில் இருக்கின்றன. ஒரே சிம்பை ஒன்று விட்டு ஒன்றாகத் தொடர்ந்து சுற்றும்போது, குச்சிகள் ஒற்றைப்படையாக இருந்தால்தான் அடுத்த சுற்றில் ஏற்றமும் இறக்கமும் மாறி விழும். அடிப்பகுதிக்கு முழுக் குச்சிகளைக் குறுக்கே வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை என்பதால் எண்ணிக்கை எப்போதும் இரட்டையாகவே அமையும். ஒரு முனையை இரண்டாகப் பிளந்துவிடலாம். அரைக்குச்சி ஒன்றைச் சொருகலாம். அல்லது எதிரெதிரே இரண்டு சிம்புகளைத் தொடங்கி ஒன்றை ஒன்று துரத்துவதுபோல் சுற்றலாம்.

ஆராய்ச்சிக்கு இது பெரிய உதவி. பழைய கூடை கையில் கிடைத்தால் நான் முதலில் அடியைத் திருப்பிப் பார்த்துக் குச்சிகளை எண்ணுவேன். ஒற்றைப்படையாக வந்தால் எங்கே பிளந்திருக்கிறார்கள், எங்கே சொருகியிருக்கிறார்கள் என்று தேடுவேன். பக்கத்து வீடுகளில் கிடைத்த இரண்டு கூடைகளில் ஒரே இடத்தில் ஒரே மாதிரிச் சொருகல் இருந்தால், ஒரே கையிலிருந்தோ ஒரே குடும்பத்திடம் பயின்ற கைகளிலிருந்தோ அவை வந்திருக்கக்கூடும்.

8. ராகி, கம்பு கொட்டினா ஒழுகாதுங்களா?

ஒழுகும். மூங்கில் கூடையின் சிறு இடுக்கு நெல்லைத் தாங்கும்; சோளத்தையும் ஒருவாறு தாங்கும். கம்பின் குறுக்களவு இரண்டு மில்லிமீட்டர் அளவே; ராகி அதனினும் சிறியது. புன்செய்த் தவசமே உணவாக இருந்த நாட்டில் கூடையோடு மெழுகலும் ஏன் சேர்ந்தே வந்தது என்பதை இந்த ஓர் அளவு விளக்கிவிடுகிறது. தொம்பையைச் சாணியும் மண்ணும் குழைத்து உள்ளும் புறமும் மெழுகுவார்கள். முறத்துக்கும் தவசக்கூடைக்கும் சாணி மெழுகுவதோடு, ஊறவைத்த வெந்தயத்தை அரைத்துப் பூசும் வழக்கமும் உண்டு. தாள் பெருகிய பிறகு காகிதக்கூழும் அதனோடு சேர்ந்துகொண்டது. எனவே காகிதக்கூழ் பூசிய கூடையை மிகப் பழையது என்று எடுத்த எடுப்பில் நம்ப வேண்டாம். பூச்சு கூடைக்குப் பின்னால் வந்ததாகவும் இருக்கலாம்.

மீண்டும் முடைந்த கூடையைச் சோதிக்க இதைவிட எளிய வழி இல்லை. ஒரு படி ராகியைக் கொட்டி, கீழே வெள்ளைத் துணி விரித்து, பத்தடி தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். துணிமேல் என்ன விழுகிறது என்பதை எழுதிவையுங்கள்.

9. சங்க இலக்கியத்துல கூடை வருதா? அதை வெச்சு அந்தக் காலத்துக் கூடையைச் செய்ய முடியுமா?

வருகிறது. 'வட்டி' என்ற சொல்லைப் பல பாடல்களில் காணலாம். புறநானூற்றின் 33-ஆம் பாடலில், வேட்டுவன் மான் தசை கொண்டுவந்த வட்டியிலும் ஆய்மகள் தயிர் கொண்டுவந்த பானையிலும் உழவர் வீட்டுப் பெண்கள் வெண்ணெல்லை நிறைத்துக் கொடுக்கிறார்கள். குறுந்தொகையின் 155-ஆம் பாடலில் உழவர் விதை கொண்டுபோகும் சிறு வட்டி வருகிறது.

பின்னல் எப்படி, பொருள் எது என்பதைப் பாட்டுச் சொல்லவில்லை. ஆனால் செய்து பார்ப்பவனுக்கு அதில் வேறு செய்தி இருக்கிறது. தசை வந்த அதே வட்டியில் நெல் திரும்பிப் போகிறது. ஈரத்தைத் தாங்க வேண்டும். நெல் ஒழுகாத நெருக்கமும் வேண்டும். விதை வட்டி இன்னொரு கையில் இருக்கும்படி சிறிதாக, ஒற்றைக் கையால் அள்ளி வீசத் தோதாக வாய் அகன்றதாக இருந்திருக்க வேண்டும். இத்தகைய கட்டாயங்களை எழுதிக்கொண்டு, இரண்டாம் விடையில் சொன்ன பொருள்களில் எவை அவற்றுக்கு ஈடுகொடுக்கின்றன என்று ஒவ்வொன்றாக முடைந்து பார்க்கலாம். முடிவில் கிடைப்பது 'இப்படியும் இருந்திருக்க முடியும்' என்ற அளவிலான விடைதான். 'இப்படித்தான் இருந்தது' என்பதற்குப் பாட்டு சான்றாகாது.

10. கொடுமணல் தோண்டினாங்களே, அங்கே கூடை ஒண்ணும் கிடைக்கலையா?

நொய்யல் கரையில் உள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்படும் ஊர். 1980-களிலிருந்து நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள், மணிகள், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள், நூல் நூற்கும் தக்களியின் சக்கரங்கள் எல்லாம் வெளிவந்தன. கல்லும் இரும்பும் மண்பாண்டமும் நின்றன. மழையில் நனைந்து வெயிலில் காயும் மண்ணிலும், கறையான் உலவும் மண்ணிலும் ஓலையும் மூங்கிலும் நிற்பதில்லை. பாலைவனம் போன்ற வறண்ட மண்ணிலோ, காற்றுப் புகாத சேற்றிலோ, கரியாகிப்போன நிலையிலோதான் கூடை பிழைக்கும்.

ஆனால் கூடை மறைந்தாலும் அதன் தடம் மறையாமல் இருக்கலாம். பாயின்மேல் வைத்து வனைந்த பானையின் அடியில் பின்னல் அச்சு விழும். காஷ்மீரத்துப் புர்சகோம் புதிய கற்காலப் பானைகளில் அத்தகைய பாய் அச்சுகள் உள்ளன. இரும்புப் பொருளின் துருவில் அதன்மேல் சுற்றியிருந்த நாரின் வடிவம் உறைந்துவிடுவதுண்டு. செடிகளின் உயிரணுக்களில் சேரும் மணற்சத்து (சிலிக்கா), செடி மட்கிய பிறகும் நுண்துகளாக மண்ணில் தங்கும். நுண்ணோக்கியில் பனைக் குடும்பத்தின் துகள் முள்ளுருண்டையாகத் தெரியும். மூங்கிலின் துகள்களில் சேணம் போன்ற வடிவம் மிகுந்திருக்கும். ஆகவே வயலில் பழைய பானையோடு கண்டால் எடுத்துக் கழுவி வீட்டில் வைக்காதீர்கள். கண்ட இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

11. எங்க வீட்டுக் கூடை முந்நூறு வருசத்துப் பழசுன்னு சொல்றாங்க. கார்பன் சோதனை பண்ணினா தெரிஞ்சிருமா?

பெரும்பாலும் தெரியாது. சுமார் 1650-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட காலத்தில் வளிமண்டலத்தில், இந்தச் சோதனை அளக்கும் கதிரியக்கக் கார்பனான கரிமம்-14-இன் அளவு ஏறி இறங்கியதால், அக்காலத்துப் பொருள் ஒன்றுக்கு ஒரே அளவீடு இரண்டு மூன்று வேறு காலங்களைக் காட்டும். நீங்கள் கேட்கும் முந்நூறு ஆண்டு சரியாக அந்தக் குழப்பத்துக்குள் விழுகிறது. 1950-களுக்குப் பிறகு வெட்டிய ஓலையை மட்டும் தெளிவாகப் பிரித்துவிடலாம். அணுகுண்டுச் சோதனைகளால் 1960-களின் நடுவில் காற்றில் கரிமம்-14 ஏறத்தாழ இருமடங்கானதே காரணம். சோதனைக்காகக் கூடையிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி அழிக்கவும் வேண்டும்.

செலவில்லாத தடயங்களை முதலில் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் ஊதா, மெஜந்தா நிறம் இருந்தால், அது 1856-இல் முதல் செயற்கைச் சாயம் கண்டறியப்பட்ட பிறகு வந்தது என்பது உறுதி. பழைய சிவப்புக்குப் பதங்கக் கட்டையும், கறுப்புக்குக் கடுக்காயோடு இரும்பும் பயன்பட்டன. விளிம்பில் நைலான் கயிறோ பிளாஸ்டிக் ஒயரோ இருந்தால் அது கூடையின் வயதா, பிற்காலத்து ஒட்டா என்று பிரித்துப் பாருங்கள். புகைக் கறுப்பை வைத்து வயது சொல்லக் கூடாது. அடுப்புக்கு மேலே ஐந்து ஆண்டு தொங்கிய கூடை, அட்டாலியில் ஐம்பது ஆண்டு கிடந்ததைவிடப் பழையதாகத் தெரியும்.

12. வெள்ளைக்காரங்க எழுதி வெச்சதெல்லாம் இருக்குமே, அது போதாதுங்களா?

படிக்க வேண்டியவைதான். பிரான்சிஸ் புக்கானன் 1800–1801-இல் இப்பகுதியில் பயணம் செய்து எழுதியது 1807-இல் வெளிவந்தது. சேலம் மாவட்டக் கையேடு 1883-இலும், நிக்கல்சன் எழுதிய கோயமுத்தூர் மாவட்டக் கையேடு 1887-இலும் வந்தன. தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்தது. பயிர், வரி, அளவைகள், தொழில்கள் பற்றி அவற்றில் நிறையச் செய்தி உண்டு. கூடை முடையும் முறையைக் கற்றுக்கொள்ளும் அளவுக்கு விவரத்தை அவற்றில் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் பின்னர் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டபோது, கூடை முடைந்து ஊர் ஊராகச் சென்ற குறவர் போன்ற மக்கள் அதன் பிடிக்குள் கொண்டுவரப்பட்டனர். அந்தக் காலத்து அதிகாரிகள் எழுதிய பக்கங்களில் கைத்தொழில் ஒரு வரியாகவும் சந்தேகம் பத்து வரியாகவும் இருப்பதற்கு அந்தப் பார்வையே காரணம். ஒரு வரியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வரியை மேற்கோளாகப் பரப்பாதீர்கள்.

13. உண்ணிக்குச்சியும் கத்தாழை நாரும் சும்மாவே கிடைக்குது. இயற்கைப் பொருள்தானே, அதுல முடையலாமா?

வீட்டுக்கென்றால் தாராளமாக முடையலாம். உண்ணிக்குச்சி (லண்டானா) அருமையான பொருள். மாதேசுவரன் மலைப் பக்கத்தில் மேசை நாற்காலியே செய்கிறார்கள். காட்டை மூடிவரும் செடியை வெட்டிப் பயன்படுத்துவது காட்டுக்கும் நல்லது. ஆனால் உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வேலிகளில் நிற்கும் ஆனைக்கற்றாழையும் அந்தக் கண்டத்துச் செடியே. ஒன்பதாம் விடையில் சொன்ன வட்டியை முடைகிறேன் என்று சொல்லிவிட்டு ஆனைக்கற்றாழை நாரால் வாய் கட்டினால், அந்தச் சோதனையின் முடிவு எதற்கும் பயன்படாது. அதற்கு மருள் நார், சணப்பு நார், பனைநார் என்று நம் மண்ணின் நார்கள் இருக்கின்றன. மருள் நார் உரிக்கப் பொறுமை வேண்டும். இலையைப் பலகைமேல் வைத்து மழுங்கிய கத்தியால் சதையை வழித்தால் வெள்ளை நார் நிற்கும்.

14. கூடை முடையறவங்ககிட்டப் போனா சொல்லித் தருவாங்களா? காசு கொடுக்கோணுமா?

கட்டாயம் கொடுக்க வேண்டும். அவர் உங்களுக்குச் சொல்லித்தரும் நாளில் அவர் கூடை முடைவதில்லை. அந்த நாளின் வருமானத்துக்குக் குறையாமல், கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுவது மரியாதை. பிறகு அவர் சந்தைக்குக் கொண்டுபோகும் விலையிலேயே இரண்டு கூடைகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டு, மற்றொன்றை அவர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள். முடைவதைப் பார்ப்பதைவிடப் பிரிப்பதில் நான் கற்றது அதிகம்.

வாயால் கேட்பதைவிடக் கையைப் பார்க்க வேண்டும். ஏன் அந்த இடத்தில் கால் கட்டைவிரலால் அழுத்துகிறீர்கள் என்று நான் கேட்ட அம்மா ஒருவர், தாம் அழுத்துவதே தெரியாமல் நாற்பது வருடமாக அழுத்தி வந்திருந்தார். படம் எடுக்கும் முன் கேளுங்கள். பெயரைப் போடலாமா, ஊரைச் சொல்லலாமா, சாதியைக் குறிப்பிடலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றுக்கும் ஒரே விடை வருவது அரிது.

15. பழைய கூடையைக் கழுவி வார்னிஷ் அடிச்சு வெச்சுக்கலாமுங்களா?

இரண்டும் வேண்டாம். எட்டாம் விடையில் சொன்ன மெழுகலுக்குள்ளும் பின்னலின் இடுக்கிலும் பழைய தவசத்தின் உமியும் மண்ணும் தங்கியிருக்கும். கூடை எதற்குப் பயன்பட்டது என்பதற்கு அவையே நேரடிச் சான்று. மெல்லிய தூரிகையால் தூசியை ஒரு வெள்ளைத் தாளில் தட்டி, மடித்து, எந்தக் கூடை, எந்தப் பகுதி என்று எழுதிவையுங்கள். வார்னிஷ் அடித்தால் பின்னால் பல சோதனைகளைச் செய்ய முடியாது. பூச்சி இருந்தால், நன்றாக உலர்ந்த கூடையைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, ஆழ்உறை பெட்டியில் (ஃப்ரீசரில்) ஒரு வாரத்துக்கு மேல் வைத்தால் சாகும்.

16. நான் முடைஞ்சதைச் 'சங்க காலக் கூடை'ன்னு எழுதிக் கண்காட்சியில வைக்கலாமா?

வைக்கக் கூடாது. ஒன்பது, பத்தாம் விடைகளைப் படித்தால் காரணம் தெரியும்: அக்காலத்துக் கூடை ஒன்றும் நம் கையில் இல்லை. எழுத வேண்டியது வேறு. என் கூடை ஒன்றின் அருகில் நான் வைக்கும் அட்டை இப்படி இருக்கும்: "நெல் ஒழுகாத, ஒரு கையால் பிடிக்கத்தக்க விதைக்கூடை எப்படி இருந்திருக்கலாம் என்று பார்க்க முடைந்தது. பனஞ்சாரோலை, மருள் நார். பட்டை அகலம் எட்டு மில்லிமீட்டர். வாய் கட்டும் முறை, வெள்ளகோவில் பக்கத்து வீட்டுக் கூடை ஒன்றைப் பார்த்துச் செய்தது. இரும்புக் கத்தியும் பிளாஸ்டிக் வாளியும் பயன்படுத்தப்பட்டன. நெல் நின்றது, கம்பு ஒழுகியது. மூன்று நாள் ஆயிற்று."

கடைசி வரியைப் படித்துவிட்டு, தேர்ந்தவருக்கு ஒரு காலைப் பொழுதில் ஆகிற வேலைக்கு மூன்று நாளா என்று பலர் கேட்கிறார்கள். ஆம், மூன்று நாள்தான். அதில் ஒரு முழு நாள், ஏழாம் விடையில் சொன்ன ஒற்றைப்படைக் கணக்கை மறந்ததனால் போனது.